இரு சகோதரரைப் பறித்த நோய்: மருந்து தேடிக் கடல் கடந்த சுப்பாராவ்

புத்தலப்பட்டு வட்டாரத்தில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் முதலில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அங்கே கையை விரித்துவிட்டால் அடுத்தது வேலூர். இந்தப் பக்கத்துத் தமிழர், தெலுங்கர் எல்லாருக்கும் தெரிந்த வழி அது. சித்தூர் நகரமே 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்ததுதானே!

அதே வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில், 1960-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு நோய் கொள்ளை நோய்போல் பரவியது. ஓயாத பேதி. நாக்கு புண்ணாகிச் சிவந்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஊர் ஊராகச் சென்று இதை ஆராய்ந்தார்கள். ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். வெப்ப நாடுகளுக்கே உரிய நோய்.

இன்று ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் கொடுப்பது இரண்டு மருந்து. ஒன்று போலிக் அமில மாத்திரை. மற்றொன்று டெட்ராசைக்ளின். மாதக் கணக்கில் இரண்டையும் சாப்பிட வேண்டும். போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியதும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தை வெளிக்கொணர்ந்ததும் அமெரிக்காவில் ஒரே ஆராய்ச்சிக் கூடம். அந்தக் கூடத்தின் தலைவர் ஓர் ஆந்திரர். சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். இந்த நோயினாலேயே இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மெட்ரிக்கில் தோல்வி

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்றைய ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள ஊர். அன்று சென்னை மாகாணம். தந்தை ஜகன்னாதம் ரெவின்யூ இலாகாவில் சிறு உத்தியோகஸ்தர். உடல் நலம் கெட்டு முன்னதாகவே வேலையை விட்டுவிட்டார். குழந்தைகள் ஏழு பேர். குடும்பம் நொடித்தது. தாயார் வெங்கம்மா கண்டிப்பானவர். பிள்ளை படித்தே ஆகவேண்டும் என்று நின்றவர் அவர்தான்.

பிள்ளைக்கோ படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பது திட்டம். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பிறகு மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை சென்னைக்கு அனுப்பினார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மெட்ரிக் பாஸ் என்ற ஒரு காகிதத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற குமாஸ்தாக்களுக்கு அந்த மூன்றாம் முறையின் அருமை தெரியும்.

பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ராமகிருஷ்ண மடத்தின் மீது மனம் சென்றது. துறவியாக விரும்பினார். தாயார் சம்மதிக்காததால் மடத்தார் ஏற்கவில்லை. துறவியாக முடியாவிட்டால் வைத்தியனாகி நோயாளிகளுக்கு ஊழியம் செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பணம்? 1919-ல் சேஷகிரி என்ற பெண்ணை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி படிப்புக்கு உதவினார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமைக் காலம். சுப்பாராவ் கதருக்கு மாறினார். ஆபரேஷன் அறைக்குள்ளும் கதர்தான். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டு ஓர் ஆங்கிலேயர். அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். என்ற சான்றுதான் கிடைத்தது. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு சென்னை சர்க்கார் மருத்துவ சர்வீஸில் நுழையப் பார்த்தார். இடம் இல்லை.

இதற்கிடையில்தான் அந்த அடி விழுந்தது. புருஷோத்தமம், கிருஷ்ணமூர்த்தி என்ற இரு சகோதரர்களும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். நோய்: ஸ்ப்ரூ. ஆங்கில வைத்தியம் படித்த சகோதரன் வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் அன்று அந்த வைத்தியத்தில் அதற்கு மருந்தே இல்லை. சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. அவரைத் தேற்றியவர் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி. அந்த நன்றியோடு, லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சிறிது காலம் வேலை பார்த்தார்.

மூலிகை குணப்படுத்துகிறது, ஆனால் எப்படிக் குணப்படுத்துகிறது, அதில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமனாரின் உதவியும், காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியின் உதவியும் கப்பல் செலவுக்கு வழி செய்தன. 1922 அக்டோபர் 26-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். கையில் சொற்பப் பணம். ஊரில் இளம் மனைவி.

இரவில் கூலி, பகலில் படிப்பு

எல்.எம்.எஸ். சான்றுக்குப் பாஸ்டனில் மதிப்பில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டராக முடியாது. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகாம் என்ற ஆஸ்பத்திரியில் இரவு நேரக் கூலியாள் ஆனார். நோயாளிகளின் மலச்சட்டியை எடுத்துக் கழுவி வைப்பது வேலை. பகலில் ஹார்வர்டு வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் படிப்பு. சென்னையில் சிலருக்கு முகம் சுளிக்க வைக்கும் வேலை. சொந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

டிப்ளமா பெற்றபின் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்கே சைரஸ் பிஸ்கே என்பவருடன் வேலை. ரத்தத்திலும் சதையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை இருவரும் கண்டார்கள். சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு பாஸ்பரஸ். 1925-ல் வெளியான இந்த முறைக்குப் பிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே பெயர். மருத்துவ மாணவர் எத்தனையோ பேர் சோதனைச்சாலையில் அந்த நீல நிறத்தைப் பார்த்தே உயிர்வேதியியல் கற்றார்கள்.

அளவுகோல் கைக்கு வந்ததும் தசையை அளந்தார்கள். அப்போதுதான் பெரிய விஷயம் ஒன்று வெளிப்பட்டது.

சுமை தூக்கும் தொழிலாளி மூட்டையை எடுத்துத் தோளில் போடுகிறான். அந்த நொடிக்கு வேண்டிய சக்தி தசைக்கு எங்கிருந்து வருகிறது? லாக்டிக் அமிலம் என்ற பொருளை வைத்தே அதற்கு விளக்கம் சொல்லி வந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாப் என்ற இருவருக்கு 1922-ம் ஆண்டு நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. சுப்பாராவும் பிஸ்கேயும் 1927-ல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் இருப்பதையும், தசை வேலை செய்தால் அது குறைந்து ஓய்வெடுத்தால் கூடுவதையும் காட்டினார்கள். பிரிட்டனில் எகிள்டன் தம்பதியரும் அதே சமயம் இதன் அடையாளத்தைக் கண்டிருந்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதே ஆண்டு அதைக் கண்டார்.

நாம் சாப்பிடும் சோறு பாங்கியில் போட்ட பணம் மாதிரி. அவசரத்துக்கு உதவாது. கையில் சில்லறை வேண்டும். அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. செல் ஒவ்வொன்றும் எந்த வேலைக்கும் ஏ.டி.பி.யைத்தான் கொடுத்து வாங்குகிறது. சில்லறை தீர்ந்துபோனால் உடனே எடுத்துத் தர இடுப்புச் சுருக்குப்பையில் கொஞ்சம் இருக்குமே, அது பாஸ்போகிரியாட்டின். மூட்டையைத் தூக்கும் முதல் சில விநாடிகள் அந்தச் சுருக்குப்பையில்தான் ஓடுகின்றன. ஒரு மனிதன் ஒரு நாளில் செலவழித்துத் திரும்பச் செய்துகொள்ளும் ஏ.டி.பி. ஏறக்குறைய அவன் எடைக்குச் சமம். ஆனால் எந்த நேரத்திலும் உடம்பில் இருப்பது ஒரு கைப்பிடிதான். செல்லின் வாழ்க்கையைப் பற்றிய எந்தப் பாடப் புத்தகமும் இன்று இதிலிருந்துதான் தொடங்குகிறது.

1930-ல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னை மறுத்ததை ஹார்வர்டு கொடுத்தது என்று சொல்லலாம். ஆனால் நிரந்தர உத்தியோகத்தை ஹார்வர்டும் கொடுக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிஸ்கே வெளியிட விடவில்லை என்றும், அவற்றைப் பின்னர் வேறு ஆட்கள் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அதே துறையில் படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் எழுதி வைத்திருக்கிறார். சுப்பாராவ் இதைப்பற்றிச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்கு நியூயார்க் மாநிலத்தில் உள்ள பேர்ல் ரிவர் என்ற ஊருக்குப் போய்விட்டார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

கீரையில் இருந்த பொருள்

பழைய பகை நோய்க்கு அங்கேதான் வழி கிடைத்தது. அதன் முதல் நூல் இந்தியாவிலேயே இருந்தது. 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், கர்ப்பிணிகளான மில் தொழிலாளிப் பெண்கள் ரத்தசோகையில் மடிவதைப் பார்த்தார். ஈஸ்டிலிருந்து செய்த ஒரு மலிவான சாறு அவர்களைக் குணப்படுத்தியது. கல்லீரலிலும் அந்தக் குணம் இருந்தது. பொருள் மட்டும் என்னவென்று தெரியவில்லை. 1941-ல் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் நாலு டன் பசலைக் கீரையை அரைத்து அதில் ஒரு துளியைப் பிடித்தார்கள். இலைக்கு லத்தீனில் போலியம். ஆகவே போலிக் அமிலம்.

நாலு டன் கீரைக்கு ஒரு துளி என்றால் யாருக்கு வைத்தியம் செய்வது? லெடர்லியில் சுப்பாராவின் குழு அதன் ரசாயன அமைப்பைக் கண்டு, 1945-ல் செயற்கையாகவே செய்துவிட்டது. உடனே டாம் ஸ்பீஸ் என்ற அமெரிக்க டாக்டர் அதை ரத்தசோகை நோயாளிகளுக்கும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். வெளுத்த ரத்தம் சில நாளில் தெளிந்தது. புண் நாக்கு ஆறியது. சகோதரர்கள் இறந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், முதலில் தன் குரோமோசோம்களை எல்லாம் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். குரோமோசோம் என்பது பரம்பரைக் குணங்கள் எழுதிய கணக்குப் புத்தகம். நகலுக்கு வேண்டிய எழுத்துக்களில் ஒன்றைச் செய்ய போலிக் அமிலம் அவசியம். அது இல்லாவிட்டால் செல் வளருமே தவிரப் பிரியாது. எலும்பு மஜ்ஜையிலும், குடலின் உள்தோலிலும், நாக்கிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. முதல் அடி அங்கேதான் விழும். ரத்தம் வெளுப்பதும், பேதியும், நாக்குப் புண்ணும் ஒன்றாக வருவதன் ரகசியம் இதுவே.

பிரிய வைக்கும் பொருள் இது என்றால், அதைப் போலவே வேஷம் போட்டு ஏமாற்றும் பொருளைக் கொடுத்துப் பிரிவதை நிறுத்தலாம் அல்லவா? கட்டுமீறிப் பிரிவதே புற்றுநோய். பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குப் போலிக் அமில வகை மருந்து கொடுத்தபோது நோய் வேகம் எடுத்ததாகத் தோன்றியது. ஆகவே எதிர்மருந்து கேட்டார். சுப்பாராவின் கூடம் அமினோப்டெரின் என்பதைச் செய்து அனுப்பியது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதற்கு முன் அந்த நோய்க்கு அதுவும் கிடையாது. 1948 ஜூனில் பார்பர் இதை வெளியிட்டார். அதன் தம்பி மருந்து மெதோட்ரெக்சேட். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடையாற்றிலும் வேலூரிலும் இன்றும் கொடுக்கப்படுகிறது. மூட்டுவாத நோயாளிகளுக்கும் வாரம் ஒரு முறை என்ற கணக்கில் எழுதித் தருகிறார்கள்.

யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராக விநியோகித்த டி.இ.சி. மாத்திரையும் அதே கூடத்தில் 1947-ல் வந்ததுதான். பெஞ்சமின் டகர் என்ற முதியவர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. இப்படி ஸ்ப்ரூவின் இரண்டு மருந்துகளும் அந்த ஆராய்ச்சித் தலைவரின் காலத்திலேயே பிறந்துவிட்டன. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வைத்தியம் நிலைபெற்றது பிறகு.

திரும்பாத பயணம்

இவ்வளவு செய்தவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை? அவரே காரணம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உடன் வேலை செய்தவர் பெயரைப் போட்டுவிட்டுத் தம் பெயரை விட்டுவிடுவார். பாராட்டுக் கூட்டங்களில் பின் வரிசையில் இருப்பார். பெரிய மனது என்று சொல்வார்கள். பின்னால் வரும் மாணவனுக்கு அது நஷ்டம் என்றும் சொல்ல வேண்டும்.

இன்னொரு நஷ்டம் ஆந்திரத்தில் ஒரு வீட்டில் நடந்தது. அவர் கப்பல் ஏறிய பின் சேஷகிரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தது. தந்தை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை. மனைவியை அழைத்துக்கொள்ளவும் இல்லை. வருஷங்கள் 26. ஆராய்ச்சியின் பெருமை எவ்வளவு இருந்தாலும், சேஷகிரி அம்மையாரின் கணக்கில் அது வரவாகாது. மகான் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

அமெரிக்கா அவரைப் பிரஜையாகவும் ஆக்கிக்கொள்ளவில்லை. 1946 வரை இந்தியர்களுக்கு அந்த உரிமையைச் சட்டம் தரவில்லை. சட்டம் மாறிய பிறகும் அவர் பிரஜையாகவில்லை. 1948 ஆகஸ்டில், இந்தியா சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவைக் கொண்டாட ஒரு வாரம் இருக்கும்போது, தமது இருப்பிடத்தில் மாரடைப்பால் இறந்து கிடந்தார். வயது 53.

அவர் இறந்தபோது மனிதனுக்குக் குரோமோசோம் 48 என்றே புத்தகங்கள் சொல்லின. 46 என்று சரியாக எண்ணியது 1956-ல். 21-ம் எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே டவுன் நோய்க்குக் காரணம் என்று தெரிந்தது 1959-ல். ஆனால் அந்த ஆராய்ச்சியிலும் அவருடைய பொருள்கள் உள்ளே புகுந்தன. புத்தி வளர்ச்சி குன்றிய சில ஆண் பிள்ளைகளின் எக்ஸ் குரோமோசோம் ஒரு முனையில் ஒடிந்ததுபோல் இருப்பதை 1969-ல் அமெரிக்காவில் பார்த்தார்கள். மற்ற கூடங்களில் தேடினால் தெரியவில்லை. 1977-ல் ஆஸ்திரேலியாவின் சதர்லாண்டு காரணத்தைக் கண்டார். செல்களை வளர்க்கும் திரவத்தில் போலிக் அமிலம் தாராளமாக இருந்தால் ஒடிவு மறைந்துவிடுகிறது. பற்றாக்குறையாக இருந்தால்தான் வெளியே தெரிகிறது! 1976-ல் யூனிஸ் என்பவர் மெதோட்ரெக்சேட்டைக் கொண்டு செல்களை ஒரே கட்டத்தில் நிறுத்தி, பிறகு விடுவித்து, குரோமோசோமின் நுண்ணிய கோடுகளைப் படம் எடுத்தார். அதற்கு முன் கண்ணுக்குப் படாத சிறு குறைகளும் அந்தப் படங்களில் தெரிந்தன.

1991-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று இன்னொன்றைக் காட்டியது. முதுகெலும்பு மூடாத குழந்தையை ஒரு முறை பெற்ற தாய், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் சாப்பிட்டால், மறுபடி அப்படிப் பிறக்கும் அபாயம் 72 சதவீதம் குறைகிறது. குழந்தையின் தண்டுவடம் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. ஆகவே முன்கூட்டியே சாப்பிடச் சொல்கிறார்கள். டவுன் நோயை இந்த மாத்திரை தடுக்கும் என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

இந்திய சர்க்கார் 1995-ல், அவர் பிறந்த நூற்றாண்டில், தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக் காளான் வகைக்கு அமெரிக்கச் சகாக்கள் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தலப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் கலந்திருக்கிறது. வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் சோற்றுக்குப் பின் சாப்பிடலாம். டீயோ காப்பியோ கூடவே குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.